கடையில் ஒரே ஒரு நாற்காலி



போன செமஸ்டர் மனிதவள மேலாண்மைப் பேப்பரில் ஒரு 10 மார்க் கேள்வி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? "தொழிலாளர் நலன் வளர்ந்த வரலாற்றை விளக்குக." வகுப்பில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் எழுதியிருப்போம். ராபர்ட் ஓவன், ஸ்காட்லாந்தில் அவர் நடத்திய நியூ லனார்க் பஞ்சாலை, அப்புறம் நம் நாட்டின் 1948 தொழிற்சாலைகள் சட்டம். அந்தச் சட்டத்தின்படி 250 பேருக்கு மேல் வேலை பார்த்தால் கேண்டீன் வேண்டும், 500 பேர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்று இருந்தது. மனப்பாடம் பண்ணினோம், எழுதினோம், மார்க் வாங்கினோம்.

பரீட்சை முடிந்து ஊருக்குப் போனேன். எங்களுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை இருக்கிறது. லீவு என்றால் எனக்கு அங்கேதான் டியூட்டி. கடையில் அப்பாவைத் தவிர இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் புதிது. இன்னொருவர் 19 வருஷமாக இருக்கிறார். நான் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன். என்னைச் சின்ன வயதில் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

ஒரு நாள் மத்தியானம் வியாபாரம் இல்லாத நேரம். அண்ணன் அரிசி மூட்டையில் சாய்ந்து நின்றுகொண்டு வேட்டியைத் தூக்கிக் காலைத் தடவிக்கொண்டிருந்தார். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடந்தது. "நின்னு நின்னு வந்தது தம்பி" என்றார். அப்போதுதான் கவனித்தேன். எங்கள் கடையில் ஒரே ஒரு நாற்காலிதான். அது கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது.

நான் பரீட்சையில் எழுதிய பதிலில் இந்த அண்ணனுக்கு எங்கேயும் இடம் இல்லை. 1948 சட்டத்தில் கேண்டீனுக்கு 250, நல அலுவலருக்கு 500 என்று இருந்தது. சேமநல நிதிக்கு 20, ஈ.எஸ்.ஐ.க்கு 10. எங்கள் கடையில் 2. அப்படியென்றால் சின்னக் கடைகளில் வேலை பார்த்தவர்களுக்கு வரலாறே இல்லையா? தேடிப் படித்தேன். இருக்கிறது, அதுவும் சுவாரசியமாகவே இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓவன் ஒரு கடைப்பையன்

நம் புத்தகம் சொல்லாத விஷயம் இது. பஞ்சாலை முதலாளி ஆவதற்கு முன்னால் ராபர்ட் ஓவன் (1771-1858) ஜவுளிக்கடையில் நின்ற பையன். இரண்டு கடைகளில் பட்ட அனுபவத்தைப் பிற்காலத்தில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பத்து வயதில் ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊரில் மக்கஃபாக் என்பவரின் கடையில் சேர்ந்தார். அந்த முதலாளி மூட்டை சுமந்து தெருத்தெருவாக விற்று முன்னுக்கு வந்தவர். பேச்சு தெளிவாக இருந்தது. மூன்று வருஷம், முதல் வருஷம் சம்பளம் கிடையாது, இரண்டாம் வருஷம் 8 பவுன், மூன்றாம் வருஷம் 10 பவுன். சாப்பாடு, படுக்கை, துணி துவைப்பது எல்லாம் முதலாளி பொறுப்பு. வீட்டில் ஒருவராக நடத்தினார்கள். வேலை நேரம் போகப் படிப்பதற்கும் நேரம் கிடைத்தது. வீட்டிலிருந்த புத்தகங்களை எடுத்துக்கொண்டு விடிகாலையில் பக்கத்துப் பூங்காவுக்குப் போய்விடுவாராம்.

அடுத்து லண்டன் பாலத்தின் அருகில் ஒரு பெரிய வியாபாரக் கடை. சம்பளம் வருஷத்துக்கு 25 பவுன், சாப்பாடும் உண்டு. ஆனால் காலை 8 மணிக்குக் கூட்டம் வந்துவிடும். அதற்குள் தலைமுடியைச் சுருட்டிப் பவுடர் போட்டுக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். இரவு பத்து, பத்தரைக்குக் கதவைச் சாத்தினாலும் கலைந்த துணிகளை மடித்து அடுக்கி முடிக்க விடியற்காலை 2 மணி ஆகும். மாடிப்படியின் கைப்பிடியைப் பிடிக்காமல் படுக்கைக்குப் போக முடியாத அளவு அசதி என்கிறார்.

பாருங்கள், சம்பளம் கூடியது, வாழ்க்கை குறைந்தது. பிற்காலத்தில் அவர் தன் ஆலையில் வேலை நேரத்தைக் குறைத்ததற்கும், 1816இல் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்ததற்கும் விதை இந்த இரண்டு கடைகளில் விழுந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நல்ல மனசை நம்பிய நாற்பது வருஷம்

ஓவன் பட்ட பாட்டை அவருக்குப் பின் வந்த கடைப்பையன்களும் பட்டார்கள். 1842இல் லண்டனில் ஜவுளிக்கடைக்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சீக்கிரம் கடை அடைப்பதுதான் நோக்கம். சட்டம் வேண்டாம், முதலாளிகளிடம் எடுத்துச் சொல்வோம், சாயங்காலத்துக்கு மேல் கடைக்குப் போகாதீர்கள் என்று வாடிக்கையாளரிடமும் சொல்வோம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் "எதிர்க்கடைக்காரன் திறந்து வைத்திருக்கிறானே, நான் எப்படி அடைப்பது?" என்ற ஒரே கேள்வியில் அது திரும்பத் திரும்ப முட்டி நின்றது. (இந்தக் கேள்வியை எங்கள் அப்பா வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன்!)

கடைசியில் 1886இல் ஜான் லப்பக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் முயற்சியால் ஒரு சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஆம், 74! அதைக் குறைந்த நேரமாக நினைத்தார்கள் என்றால் அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்திருக்கும்?

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கடை ஊழியர்கள் பலர் கடை மாடியிலோ முதலாளி நடத்திய விடுதியிலோதான் தங்க வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதி சாப்பாடாகவும் படுக்கையாகவும் போய்விடும். தப்புக்கெல்லாம் அபராதம். வேலை போனால் அன்று இரவே படுக்கையும் போகும்.

மார்கரெட் பாண்ட்ஃபீல்டு (1873-1953) என்ற பெண் 14 வயதில் இப்படி வேலைக்கு வந்தவர். அவர் கதையும் ஓவன் கதை மாதிரியே இருக்கிறது. முதலில் ஹோவ் என்ற ஊரில் சின்னக் கடை. அங்கே ஊழியர்களைக் குடும்பத்தில் ஒருவராகவே நடத்தினார்கள். அப்புறம் வேறு கடைகள், நெரிசலான படுக்கையறைகள், ஓயாத வேலை. அவர் கடை ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கடை கடையாக வேலைக்குச் சேர்ந்து, உள்ளே நடப்பதை ரகசியமாகக் குறிப்பெடுத்து வெளியே கொண்டுவந்தார். அதே பெண் 1929இல் பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சர் ஆனார். அந்த நாட்டின் முதல் பெண் கேபினட் அமைச்சர் அவர்தான்.

1899இல் இன்னொரு சட்டம் வந்தது. பெண்கள் வேலை செய்யும் கடைகளில் மூன்று பேருக்கு ஓர் இருக்கை வீதம் போட வேண்டும். முழுச் சட்டமும் நாற்காலிக்காக மட்டுமே! 1911இல் கடை ஊழியர்களுக்கு வாரத்தில் அரை நாள் விடுமுறை கட்டாயமானது. 1842இலிருந்து கணக்குப் போட்டால் அந்த அரை நாளுக்கு 69 வருஷம் ஆகியிருக்கிறது.

கடைசியில் கிடைக்கும் திரைச்சீலை

இப்போது கிழக்கே போவோம். ஜப்பானில் எடோ காலத்து (1603-1868) வியாபாரக் குடும்பங்களில், முக்கியமாக ஒசாகா போன்ற ஊர்களில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனைக் கடையில் சேர்ப்பார்கள். அவன் பெயர் 'தெச்சி'. கூட்டுவது, துடைப்பது, சரக்கு கொண்டுபோய்க் கொடுப்பது, இரவில் எழுத்தும் கணக்கும் கற்பது. சம்பளம் இல்லை. சாப்பாடும், பருவத்துக்குத் துணியும் உண்டு. வீட்டுக்குப் போக வருஷத்தில் இரண்டே முறைதான். முதல் மாதம் 16ஆம் நாள், ஏழாம் மாதம் 16ஆம் நாள். இதற்கு 'யாபுஇரி' என்று பெயர்.

படித்தால் பாவமாக இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஏன்? ஏணியின் படிகள் கண்ணுக்குத் தெரிந்தன. தெச்சி வளர்ந்து 'தெதாய்' ஆவான், பிறகு 'பன்தோ' என்ற தலைமை ஊழியர் ஆவான். பல வருஷம் உண்மையாக உழைத்தவருக்கு முதலாளி தன் கடைப் பெயரையே பகிர்ந்து கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தருவார். கடை வாசலில் பெயர் எழுதித் தொங்கும் துணித்திரைக்கு 'நோரென்' என்று பெயர். அதைப் பிரித்துக் கொடுப்பதால் இது 'நோரென்வாகே'. எல்லோருக்கும் இது கிடைக்கவில்லை. பாதியில் போனவர்கள் ஏராளம். ஆனால் கடைசிப்படி என்று ஒன்று இருந்தது.

பானசோனிக் நிறுவனத்தைத் தொடங்கிய கோனோசுகே மட்சுஷிட்டா 1904இல், ஒன்பது வயதில், ஒசாகாவில் கடைப்பையனாகச் சேர்ந்தவர்தான். முதலில் கரியடுப்புக் கடை, அப்புறம் சைக்கிள் கடை. 1929இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்து சரக்கு தேங்கியபோது அவர் யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அரை நாள் உற்பத்தி, முழுச் சம்பளம், மீதி நேரத்தில் எல்லோரும் சேர்ந்து தேங்கிய சரக்கை விற்போம் என்றார். விற்றும் முடித்தார்கள்.

1947இல் ஜப்பானில் தொழிலாளர் தரச் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. பையன்களைச் சம்பளமில்லாமல் வைத்துக்கொள்ளும் பழைய முறை முடிந்தது. ஆனால் திரைச்சீலையும் போய்விட்டால் கடைசியில் தொழிலாளிக்கு என்ன மிஞ்சும்? 1959இல் அதற்கும் ஒரு சட்டம் போட்டார்கள். சின்ன நிறுவன முதலாளிகள் தொழிலாளி பெயரில் மாதாமாதம் ஒரு பொது நிதியில் பணம் கட்டுவார்கள். அவர் வேலையைவிட்டுப் போகும்போது அந்தப் பணம் முதலாளி கைக்கு வராமல் நேராக அவரிடமே போகும். அதாவது, சின்ன முதலாளி தனியாகத் தூக்க முடியாத சுமையை எல்லோரும் சேர்ந்து தூக்குவது. இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

மூன்று வருஷக் கணக்கு

நம் ஆட்களிடமும் ஒரு முறை இருந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், ஊரிலிருந்து ஆட்களை அனுப்பும்போது 'சம்பளச் சீட்டு' எழுதினார்கள். மூன்று வருஷத் தவணை. சம்பளம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதப்பட்டது. லாபத்தில் ஒரு பங்கும் கிடைப்பதுண்டு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாள் ஆகலாம், பிறகு கடையை நடத்தும் மேலாள் ஆகலாம், சொந்தமாகவும் தொழில் தொடங்கலாம். சாப்பாடு, தங்கல் எல்லாம் கடையிலேயே.

இதிலும் வலி உண்டு. பெரும்பாலும் மனைவி மக்கள் செட்டிநாட்டில் இருப்பார்கள், இவர் கடல் தாண்டிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆனால் ஒன்று: தவணை முடியும் நாள் தெரியும். ஊருக்குத் திரும்பும் நாள் முதலாளியின் மனநிலையைப் பொறுத்தது அல்ல. எழுதிய சீட்டில் இருந்தது.

அப்படியானால் நலன் என்பது என்ன?

ஸ்டாம்ஃபோர்டு, ஹோவ், ஒசாகா, ரங்கூன் எல்லா இடத்திலும் சின்னக் கடை முதலாளி சொன்னது ஒன்றுதான்: "இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி." அது எப்போதும் பொய் இல்லை. மக்கஃபாக் உண்மையிலேயே நல்லவர். ஆனால் வீட்டுப் பிள்ளை மாதிரி இருப்பது தாங்கக்கூடியதாக இருந்த இடங்களைப் பாருங்கள். அன்போடு கூட இன்னொன்றும் இருந்தது. ஸ்டாம்ஃபோர்டில் மூன்று வருஷப் பேச்சு, நகரத்தாரிடம் எழுதிய சீட்டு, ஒசாகாவில் கடைசியில் கிடைக்கும் திரைச்சீலை. அந்தப் பிடி இல்லாத இடங்களில் 'வீட்டுப் பிள்ளை' என்ற வார்த்தை, இரவு 2 மணி வரை துணி மடிக்க வைக்கும் வார்த்தையாக ஆனது.

எனக்குப் புரிந்தது இதுதான். கேட்டால் கிடைப்பது தயவு. கேட்காமலே, சொன்ன தேதியில் கிடைப்பதுதான் நலன்.

நம் ஊரில்

ஜப்பானில் அந்தச் சட்டம் வந்த அதே 1947இல் சென்னை மாகாணத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தது. இங்கேயும் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, வார விடுமுறை. ஆனால் நாற்காலியைப் பற்றி அதில் பேச்சில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு, நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்றது. ஆக, ஆலைத் தொழிலாளி உட்காரலாம், கடைத் தொழிலாளி நிற்க வேண்டும்!

2010இல் வந்த 'அங்காடித் தெரு' படம் பார்த்திருப்பீர்கள். ரங்கநாதன் தெருக் கடையில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகளை அதற்குப் பிறகுதான் பலரும் திரும்பிப் பார்த்தோம். ஆனால் சட்டத்தை அசைத்தது பக்கத்து மாநிலப் பெண்கள். கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண் 2009இல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று முதலில் கேட்டார்கள், அப்புறம் உட்காரும் உரிமை கேட்டார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் நம் 1947 சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஆண், பெண் எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும். லண்டனுக்கு 1899இல் வந்த நாற்காலி நமக்கு வர 122 வருஷம் ஆனது.

மறுபடியும் எங்கள் கடை

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிக்கொண்டு போய்க் கடையில் போட்டேன், பெரிய சாதனை பண்ணிய மாதிரி :-) இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதன் மேல் எண்ணெய் டின் இருந்தது. "முதலாளி முன்னாடி உக்கார ஒரு மாதிரி இருக்கு தம்பி" என்றார் அண்ணன்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். அப்பாவுக்குக் கோபம்தான். "நான் அவனுக்கு என்னலே குறை வச்சேன்? கல்யாணத்துக்கு ரெண்டு பவுன் போட்டேன். அவன் மகளுக்கு நாம ஃபீஸ் கட்டலையா? லீவு கேட்டா இல்லேன்னு சொல்லிருக்கேனா?" எல்லாம் உண்மை. எங்கள் அப்பா கெட்டவர் இல்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அப்பா, நீங்களும் கடைப்பையனாத்தானே இருந்தீங்க? உங்களுக்கு எப்படிக் கடை வந்தது?"

அந்தக் கதை எனக்குத் தெரியும், ஆயிரம் தடவை கேட்டது. வெளியூரில் ஓர் அண்ணாச்சி கடையில் 11 வருஷம். கடைசியில் அந்த அண்ணாச்சியே முன்பணம் கொடுத்து, மொத்தக் கடையில் கடனுக்குச் சரக்கும் சொல்லிவிட்டு, "போய்ப் பொழைச்சுக்கோ" என்று அனுப்பி வைத்தார். எங்கள் பக்கத்தில் பல கடைகள் இப்படி முளைத்தவைதான். ஒசாகாவின் திரைச்சீலை மாதிரியேதான்.

"அண்ணனுக்கு நீங்க கடை வச்சுக் குடுக்க முடியுமா?"

அப்பா வெகுநேரம் பேசவில்லை. முடியாது என்று அவருக்குத் தெரியும். தெருமுனையில் சூப்பர் மார்க்கெட், கையில் செல்போன் ஆர்டர். எங்கள் கடை ஓடுவதே பெரிய விஷயம். அப்பா நின்ற காலத்தில் அந்த நிற்றலுக்கு ஒரு முடிவு இருந்தது. அண்ணன் நிற்பதற்கு முடிவு இல்லை. கடைசிப்படி போய்விட்டது, ஆனால் ஏணியில் நிற்கும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது. இது அப்பாவின் தப்பு இல்லை. ஆனால் அதைச் சரிக்கட்ட வேண்டியது இப்போது எங்கள் பொறுப்புதான் என்று நினைக்கிறேன்.

ஜப்பான் நிதியைப் பற்றிச் சொன்னேன். நம்மிடம் அப்படி முதலாளி கட்டும் திட்டம் எங்கள் மாதிரி இரண்டு பேர் கடைக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. வங்கிக் கணக்கு இருந்தால் சேரலாம், 60 வயதுக்கு மேல் மாதாமாதம் பணம் வரும். அண்ணன் பெயரில் சேர்த்து, மாதத் தொகையை நாம் கட்டுவோம் என்றேன். 40 வயதுக்குள் சேர வேண்டும் என்றும் சொன்னேன். அண்ணனுக்கு 38 முடிந்துவிட்டது.

"பாப்போம்" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் எண்ணெய் டின்னைக் கீழே இறக்கி வைத்தார். அண்ணனைப் பார்த்து, "ஏலே, உன் பேங்க் பாஸ்புக் எங்க இருக்கு? நாளைக்குக் கொண்டா" என்றார். அவ்வளவுதான். ஸ்டூலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அண்ணன் அதில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்கண்ணே" என்றேன்.

நண்பர்களே, நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கடையோ பட்டறையோ இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது அங்கே எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும் எனக்கும் சொல்லுங்கள்.